எதனோடு எதை ஒப்பிடுவது? ஷாலிமார், சந்தனத் தேநீர், கன்னௌஜ்

பிராடா நிறுவனம் 2025-இல் 'இன்ஃப்யூஷன் து சந்தால் சாய்' என்றொரு நறுமணத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சந்தனமும் பால் கலந்த மசாலாத் தேநீரும் அதன் கருப்பொருள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் மிலான் நகரில் நடந்த ஆடவர் ஆடைக்காட்சியில், கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்த காலணிகளை அந்நிறுவனம் அவற்றின் ஊரைச் சொல்லாமல் மேடையேற்றியிருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே, இந்தியக் கைவினையிலிருந்து பெற்ற தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் சூடு தணிவதற்குள் சந்தனத் தேநீரும் விவாதத்துக்கு இழுத்துவரப்பட்டது.

விவாதத்தில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலித்தன. ஒன்று நறுமண ரசிகர்களின் குரல். புதிய குப்பியைக் கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார், சம்சாரா போன்ற 'செவ்வியல்' மணங்களுக்கு அருகில் வைத்து முகர்ந்து, ஆழமில்லை, மெலிந்த இனிப்பு, அந்தக் காலம் போய்விட்டது என்று தீர்ப்பெழுதிய குரல் அது. மற்றொன்று பண்பாட்டுக் களவு என்ற குரல்: எங்கள் சந்தனம், எங்கள் தேநீர், எங்கள் பெயர், அவர்கள் இலாபம். முதற்குரல் ஆங்கில ஏடுகளின் வாழ்க்கைமுறைப் பக்கங்களுக்கு உரியது. இரண்டாவது குரல் நமது ஆய்வரங்குகளில் மிகுந்த செல்வாக்குடையது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், ஒப்பீட்டின் ஒரு முனையில் எதை நிறுத்துவது என்ற கேள்வியை இரண்டுமே கேட்காமல் விட்டுவிட்டன. ரசிகர் ஷாலிமாரை ஐயத்துக்கு அப்பாற்பட்ட அளவுகோலாக வைத்துக்கொண்டார். களவைக் கண்டித்தவர், களவுபோகாத நம் மரபு வீட்டுக்குள் பத்திரமாக இருப்பதாக எண்ணிக்கொண்டார். இவ்விரண்டு நம்பிக்கைகளும் சோதனைக்கு நிற்பவை அல்ல.

ஷாலிமாரிலிருந்தே தொடங்கலாம். 1925-இல் பாரிசு அலங்காரக் கலைக் கண்காட்சியில், பக்காரா கண்ணாடிக் குப்பியில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. இயற்றியவர் ழாக் கெர்லான். பேரரசர் ஷாஜகானுக்கும் மும்தாஜ் மகாலுக்கும் இடையிலான காதலும், அக்காதல் மலர்ந்த ஷாலிமார் தோட்டங்களும் அந்த மணத்தின் ஊற்று என்பது நூறாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் விளம்பரக் கதை. பாரிசுக்கு வந்திருந்த ஒரு மகாராஜா சொல்லக் கேட்டது என்று கதைக்கு ஒரு சான்றாளரையும் சேர்ப்பார்கள்.

வரலாறு இந்தக் கதைக்கு இணங்கவில்லை. மும்தாஜ் 1631-இல் புர்ஹான்பூரில் மறைந்தார். லாகூரின் ஷாலிமார் தோட்டத்தை ஷாஜகான் எழுப்பத் தொடங்கியது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1641-இல். அந்தத் தோட்டத்தில் மும்தாஜ் ஒருநாளும் உலவியிருக்க முடியாது. காஷ்மீரின் ஷாலிமாரோ 1619-இல் ஜஹாங்கீர் அமைத்தது. இளவரசர் குர்ரமாக ஷாஜகானுக்கு அதன் பணியில் பங்கிருந்தது உண்மை. ஆயினும் அது தந்தையின் தோட்டம். நூர்ஜஹானின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது.

வேடிக்கை என்னவென்றால், நறுமணத்துக்கும் ஷாலிமாருக்கும் உண்மையான உறவொன்று வேண்டுமென்றால் அந்தத் தந்தையிடமே அது கிடைத்திருக்கும். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் ரோஜா அத்தர் பிறந்த விதத்தைப் பதிவுசெய்திருக்கிறார். நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம் பன்னீர் வடிக்கும்போது, சூடான பன்னீரை ஊற்றிய தட்டங்களின் மேற்பரப்பில் திரண்ட எண்ணெய்ப் படலத்தைச் சிறிது சிறிதாகச் சேகரித்தார். அதன் மணம் பேரரசரை வியக்கவைத்தது. சலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ர்-இ-ஜஹாங்கீரி' என்று பெயரிட்டார். ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பு, ஒரு பெண் சூட்டிய பெயர், அரசரின் எழுத்துச் சான்று எல்லாம் இருக்கின்றன. பாரிசின் விளம்பரக்காரருக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. தாஜ்மகாலின் நிழல் விழுந்தாலே போதுமானதாக இருந்தது.

இனி குப்பிக்குள் வருவோம். இத்தாலியத் தென்கோடியான கலாப்ரியாவின் பெர்கமோட், ஐரிஸ் கிழங்கு, ஓபோபனாக்ஸ் பிசின், கூமரின், இவற்றுக்கெல்லாம் மேலாக எத்தில் வனிலின். இந்தக் கடைசிப் பொருள் ஆய்வுக்கூடத்தில் தொகுக்கப்பட்டது. இயற்கை வனிலாவின் உயிர்ச்சத்தான வனிலினைவிடப் பல மடங்கு செறிவுடையது. 1889-இல் வெளிவந்த ழிக்கி என்ற தங்கள் பழைய மணத்துக்குள் ழாக் கெர்லான் எத்தில் வனிலினைத் தாராளமாக ஊற்றிப் பார்த்ததில் பிறந்ததே ஷாலிமார் என்று நறுமணத் துறையில் சொல்வதுண்டு. எலுமிச்சையின் கூர்மையும் புகைபடிந்த தோலின் மணமும் வனிலாவின் இனிப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் அந்த இசைவு ஒரு பெரிய சாதனை. அதை மறுப்பது சிறுபிள்ளைத்தனம். ஆனால் அதில் இந்தியா எங்கே இருக்கிறது? பெயரிலும் குப்பியின் வளைவிலும் மட்டுமே. 2025-இன் தேநீர்க் குப்பியைப் பெயர்க் களவுக்காகக் குற்றக்கூண்டில் ஏற்றிவிட்டு, 1925-இன் குப்பியை நீதிபதி இருக்கையில் அமர்த்துவது என்ன நியாயம்?

ரசிகரின் இன்னொரு வாதமும் இங்கேயே உதிர்ந்துவிடுகிறது. பழையவை இயற்கையிலிருந்து வந்தவை, புதியவை வேதிப்பொருட்கள் என்பது அவருக்கு மிகவும் பிடித்த எதிர்நிலை. நவீன நறுமணக் கலையே வேதியியலின் பிள்ளை. 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே இயற்றிய ஃபூழேர் ரொயால், செயற்கைக் கூமரின் இல்லாமல் பிறந்திருக்காது. 1921-இல் எர்னஸ்ட் போ இயற்றிய ஷனேல் 5, ஆல்டிஹைடுகள் இல்லாமல் அதுவாக இருந்திருக்காது. செயற்கைப் பொருளைப் பயன்படுத்தத் துணிந்ததனால்தான் அவை செவ்வியல் ஆயின. புதிய குப்பியில் குறை இருக்குமானால் அது வேதிப்பொருளின் குறையாக இருக்க வழியில்லை. கற்பனையின் குறை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதைவிடச் சங்கடமான கேள்வி: எந்த ஷாலிமாரோடு ஒப்பிடுகிறார்கள்? இன்று கடையில் கிடைக்கும் ஷாலிமார் 1925-இன் ஷாலிமார் அல்ல. பெர்கமோட் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் என்பதால் அதை நீக்கிய எண்ணெயையே இப்போது பயன்படுத்துகிறார்கள். பூனைப் புனுகின் இடத்துக்குச் செயற்கைப் பொருள் வந்துவிட்டது. ஓக் மரப்பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடைசெய்தது. 1919-இன் மித்சுகோ போன்ற மணங்களின் முதுகெலும்பே அந்தப் பாசிதான். எண்ணற்ற மணங்களில் இருந்த லிலியால் 2022 மார்ச் முதல் அங்கே தடையாயிற்று. தோல் ஒவ்வாமையால் துன்பப்படுவோருக்கு இத்தடைகள் நன்மையே. அதில் புலம்புவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பெயர் நிலைத்திருக்க, பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. குப்பியின் மேல் 'பர்ஃபம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் முழுச் சூத்திரமும் ஒளிந்துகொள்வதால், மாறியது எப்போது, எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரிவதும் இல்லை. பழைய சூத்திரப்படி இயற்றிய மணத்தை முகர விரும்புவோர் வெர்சாய் நகருக்குப் போகவேண்டும். 1990-இல் அங்கே தொடங்கப்பட்ட ஒஸ்மோதேக் என்ற காப்பகம் பழைய மணங்களை ஆர்கான் வாயுவின் காவலில், 12 பாகை செல்சியஸ் குளிரில் பாதுகாக்கிறது. சுவடியியல் படித்தவருக்கு இது விளங்கும். மூலபாடம் ஒன்று காப்பகத்தில் இருக்கிறது, கடையில் விற்பது பாடபேதம். பாடபேதத்தை வைத்துக்கொண்டு மூலத்தின் பெருமையைப் பேசும் கட்டுரையை எந்தத் தமிழ்த் துறையும் ஏற்காது. (செவ்வியல் என்ற தகுதிக்காக 2004 வரை வழக்காடிய மொழிக்காரர்கள், அந்தச் சொல்லை ஒரு கடை அலமாரிக்கு இவ்வளவு மலிவாகக் கொடுத்துவிடலாமா என்பதும் யோசிக்கத் தக்கது.)

பண்பாட்டுக் களவு என்ற வாதத்துக்கும் தேநீர் ஒரு தொல்லை தரும் சாட்சி. பாலும் சர்க்கரையும் மசாலாவும் சேர்ந்த தேநீர் தொன்மையான இந்திய மரபு என்று சொல்லிக்கொள்வது இனிமையாகத்தான் இருக்கிறது. தோட்ட முதலாளிகளின் அமைப்புகள் உள்நாட்டுச் சந்தையைப் பிடிக்க இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடத்திய பெரும் பரப்புரையின் விளைவு அது. மலிவான தூள் தேயிலையைச் சாத்தியமாக்கிய சி.டி.சி. எந்திரம் அசாமில் உருவானது 1930-களின் தொடக்கத்தில். ஆக, ஏழை எளியவரின் அன்றாடப் பானமாகிய தேநீர் ஷாலிமாரைவிட வயதில் இளையது! காப்பி தமிழ்நாட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ஆராய்ந்து எழுதிய பின்பும், தேநீரை வேதகாலத்துக்குக் கொண்டுபோகும் ஆர்வம் நம்மிடம் குறையவில்லை. தேநீரில் களவுபோனது ஏதேனும் உண்டென்றால் அது தோட்டத் தொழிலாளரின் உழைப்பு. அந்தக் களவு மிலானில் தொடங்கியதும் இல்லை.

ஒரு சிறு வெற்றியையும் சொல்லிவிடலாம். இவ்வகை மணங்களை ஐரோப்பிய வகைப்பாடு நெடுங்காலம் 'ஓரியண்டல்' என்றே அழைத்துவந்தது. மைக்கேல் எட்வர்ட்ஸ் தம் புகழ்பெற்ற நறுமண வகைப்பாட்டில் 2021-இல் அச்சொல்லை நீக்கி 'ஆம்பர்' என்று மாற்றினார். எட்வர்ட் சயீதின் நூல் வந்து நாற்பத்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்த மாற்றம். சொல் போயிற்று. ஷாலிமாரும் சம்சாராவும் பெயர்ப்பலகையோடு அப்படியே இருக்கின்றன.

இந்த ஒப்பீட்டு மேடைக்கு அழைக்கப்படாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக்கு அருகே உள்ள கன்னௌஜ் நகரின் அத்தர்தான் அவர். புதிய சந்தன மணத்தை எதனோடு ஒப்பிடவேண்டும் என்று கேட்டால் முதல் விடை அதுவாகவே இருந்திருக்கவேண்டும். காரணம், அத்தர் என்பதன் உடலே சந்தன எண்ணெய். டேக் எனப்படும் பெரிய செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இடுவார்கள். வாயைக் களிமண்ணால் பூசி அடைப்பார்கள். கொப்பரையிலிருந்து ஒரு மூங்கில் குழாய் இறங்கி, நீர்த்தொட்டிக்குள் அமர்ந்திருக்கும் பப்கா என்னும் நீள்கழுத்துக் கலத்துக்குப் போகும். அந்தக் கலத்துக்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் காத்திருக்கும். ஆவியாகி வரும் மலரின் மணத்தை அது பற்றிக்கொள்ளும். மறுநாள் நீரை வடித்துவிட்டு, அதே எண்ணெயின் மேல் புதிய மலரை வடிப்பார்கள். இப்படிப் பல நாட்கள். வெப்பமானியோ அழுத்தமானியோ இல்லை. கலத்தைத் தொட்டுப் பார்த்தும் உள்ளே எழும் ஒலியைக் கேட்டுமே தீயைக் கூட்டுவதும் குறைப்பதும். பின்னர் தோலால் செய்த குப்பிகளில் ஊற்றிவைத்தால் எஞ்சிய ஈரம் தோலின் வழியே வெளியேறும்.

பாரிசின் சூத்திரத்தில் சந்தனம் பல குரல்களில் ஒன்று. அத்தரில் அது சுருதி. அந்தச் சுருதியின் மேல் ரோஜாவும் தாழையும் மல்லிகையும் மாறிமாறிப் பாடுகின்றன. சாராயம் கலவாததால் அது அறையை நிறைத்துப் பரவுவதில்லை. தோலின் சூட்டில் மெல்ல அவிழ்கிறது. முதல் நொடியில் பாய்ந்துவந்து கடையில் வாங்கவைப்பதற்காகவே கட்டப்படும் இன்றைய ஆடம்பர மணங்களுக்கு இது நேர் எதிரான அழகியல். ஒப்பிட்டிருந்தால் பேசுவதற்கு நிறைய இருந்திருக்கும்.

மண் அத்தரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லவேண்டும். சுட்ட களிமண் வில்லைகளை நீரிலிட்டு வடித்து, வறண்ட நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்துவைக்கும் வித்தை அது. அந்த மணத்துக்குப் 'பெட்ரிக்கோர்' என்ற அறிவியல் பெயர் 1964-இல் வந்தது. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய வேதியியலர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் அதைச் சூட்டினார்கள். உத்தரப் பிரதேசத்தில் இந்த மணத்தை ஏற்கெனவே வடித்தெடுத்து விற்கிறார்கள் என்பதை அவர்களே அக்கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடம் பெயரிடுவதற்கு முன்பே செப்புக் கொப்பரை அதை வசப்படுத்தியிருந்தது. இன்று மேலை நாட்டு நிறுவனங்கள் 'மழை', 'ஈர மண்' என்ற பெயர்களில் புதுமணங்களை வெளியிடும்போது, நம் விமர்சகர்கள் அவற்றை இன்னொரு மேலை நாட்டு மணத்தோடு ஒப்பிட்டே மதிப்பெண் போடுகிறார்கள்.

இதுவரை படித்தவர் களவைக் கண்டித்த குரலின் பக்கம் வாதம் சாய்வதாக எண்ணக்கூடும். அப்படியானால் அடுத்த பகுதி அவருக்குக் கசக்கும்.

இன்று கன்னௌஜிலேயே கிடைக்கும் அத்தரில் பெரும்பகுதிக்குச் சந்தன எண்ணெய் அடித்தளம் இல்லை. 1990-களிலிருந்து சந்தனத்தின் விலை ஏறஏற, வடிப்பவர்களில் பலர் திரவ பாரஃபினுக்கும் டையாக்டைல் தாலேட்டுக்கும் மாறிவிட்டார்கள். முன்னது கனிம எண்ணெய். மணத்தைச் சுமக்கும், அதனோடு உறவாடாது. பின்னது பிளாஸ்டிக்கை நெகிழவைக்கப் பயன்படுவது. இனப்பெருக்க நலனுக்குக் கேடு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப்பொருட்களில் அதைத் தடைசெய்திருக்கிறது. இன்னொரு உண்மையும் உண்டு. கன்னௌஜின் தொழிலைத் தாங்கிப்பிடித்த பெரும் வாடிக்கையாளர்கள் கவிஞர்களோ ரசிகர்களோ இல்லை. பான் மசாலா, புகையிலை ஆலைகள்தான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத் தாழம்பூவின் மணமும் பெருமளவில் அந்த வாய்க்குள்ளேயே போய்ச் சேர்கிறது. இதில் எதற்கும் பாரிசையோ மிலானையோ பழிசொல்ல முடியாது.

சந்தனம் ஏன் அரிதாயிற்று? 1792-இல் திப்பு சுல்தான் அதை அரச மரமாக்கினார். மைசூர் மன்னராட்சியும் பின்னர் வந்த மக்களாட்சியும் அந்த ஏகபோகத்தைக் கைவிடவில்லை. தன் நிலத்தில் தானாக முளைத்த மரம் தனக்குச் சொந்தமில்லை, அது காணாமற்போனால் மட்டும் பொறுப்பு தன்னுடையது என்ற நிலையில் உழவர் என்ன செய்வார்? கன்றிலேயே பிடுங்கி எறிவார். அதைத்தான் செய்தார்கள். கள்ளக் கடத்தலும் நுனிக்கொத்து நோயும் மீதியை முடித்தன. சந்தனம் மரத்தின் உரிமை நில உரிமையாளருக்கே என்று கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது 2001-இல். தமிழ்நாடு 2002-இல். ஏறக்குறைய அதே காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனரா பகுதியில் இதே இந்தியச் சந்தன இனம் பாசன வசதியோடு பல்லாயிரம் ஏக்கர்த் தோட்டப்பயிராக வளர்க்கப்படலாயிற்று. வைரக்கட்டை முற்றப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும் மரத்தில் இருநூறாண்டுத் தவறை இருபதாண்டில் திருத்திவிட முடியாது. கெர்லான் நிறுவனம் 1989-இல் சம்சாராவை வெளியிட்டபோது மைசூர்ச் சந்தன எண்ணெயைப் பெருமளவில் கொட்டியிருந்தது. அந்தப் பழைய சம்சாரா இன்று இல்லாததற்கும், அடித்தளம் கெட்ட அத்தர் இன்று மலிந்திருப்பதற்கும் காரணம் ஒன்றே. புதிய தேநீர்க் குப்பியில் ஆழமில்லை என்று குறைப்படும் ரசிகரும், அது நம் சந்தனத்தைத் திருடியது என்று கொதிக்கும் ஆய்வாளரும் வனச்சட்டத்தின் அந்த இரு நூற்றாண்டு வரலாற்றைப் படிக்காமலேயே சண்டையிடுகிறார்கள்.

சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஒப்பிடும் உரிமை எல்லோருக்கும் சமமாக இல்லை. மலிவான போலிமணம் விற்ற ஒரு நிறுவனம், தன் எந்தக் குப்பி எந்தப் புகழ்பெற்ற மணத்தை ஒத்தது என்று பட்டியலிட்டு வணிகர்களுக்குக் கொடுத்தது. லொரேயால் வழக்குத் தொடுத்தது. அந்த மணங்களைப் போலச் செய்வது குற்றமாகாவிட்டாலும், இன்னதைப் போன்றது என்று பட்டியலில் சொல்வது வணிகச்சின்னத்தின் புகழை முறையின்றிச் சுரண்டுவதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. வழக்கு இங்கிலாந்துக்குத் திரும்பியபோது நீதிபதி ஜேக்கப், உண்மையைச் சொல்வதையே இத்தீர்ப்பு தடுக்கிறது என்று வெளிப்படையாக வருந்தினார். நறுமணம் படைப்பா, வெறும் கைத்திறனா என்பதிலும் ஐரோப்பா உடன்படவில்லை. 2006 ஜூன் மாதத்தில், சில நாட்கள் இடைவெளியில், பிரான்சின் உச்ச நீதிமன்றம் அது பதிப்புரிமைக்கு உரிய படைப்பல்ல என்றது. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் உரியதே என்றது. ஆக, ஷாலிமார் என்ற தோட்டத்தின் பெயரையும் சம்சாரா என்ற தத்துவச் சொல்லையும் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. அவ்வாறு எடுத்தவரின் பெயரைச் சொல்லி 'அதைப் போன்றது இது' என்று ஏழை வணிகர் எழுதத் தடையுண்டு. மும்பை முகமது அலி சாலையிலும் ஐதராபாத் சார்மினாரைச் சுற்றியும் உள்ள அத்தர்க் கடைகளில், சிறு கண்ணாடிக் கோலைப் புறங்கையில் தடவி, இது பாரிசின் இன்ன மணத்தைப் போன்றது என்று சொல்லி விற்கும் கடைக்காரர், ஒரு வகையில் நம்மிடையே உள்ள மிக நேர்மையான ஒப்பீட்டு விமர்சகர். எதனோடு எதை ஒப்பிடுகிறார் என்பதை அவர் மறைப்பதில்லை. விலையையும் சொல்லிவிடுகிறார்.

நம் துறைகள் இதில் எங்கே நிற்கின்றன? வராகமிகிரர் பிருகத்சம்ஹிதையில் நறுமணக் கலவைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பதினாறு பொருட்களிலிருந்து நான்கு நான்காகத் தேர்ந்தால் 1820 கலவைகள் என்று கணக்கிட்டுக் காட்டினார். கணித வரலாற்றாசிரியர்கள் அந்த எண்ணைக் கொண்டாடுகிறார்கள். அது எதற்கான எண் என்பதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறார்கள். அயினி அக்பரியில் அபுல் ஃபசல் பேரரசின் நறுமணக் கூடத்துக் கலவைகளையும் பொருட்களின் விலைகளையும் வரிசையாகத் தருகிறார். மாதவி நீராடிய நீரில் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியிருந்ததாகச் சிலம்பு சொல்வதை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்தப் பொருட்களில் ஒன்றையேனும் முகர்ந்து பார்த்த மாணவர் வகுப்பில் எத்தனை பேர்? சந்தனத்தையும் பிணநாற்றத்தையும் ஒரே தலைப்பில் வைத்து இந்திய மண உலகைப் பற்றிய விரிவான நூலை 2012-இல் எழுதியவர் ஜேம்ஸ் மெக்கியூ. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரிபவர். அவரை மேற்கோள் காட்டிப் பண்பாட்டுக் களவு பற்றிய கருத்தரங்கக் கட்டுரை எழுதுவது நமக்கு எளிதாக இருக்கிறது. கன்னௌஜுக்குத் தொடர்வண்டியில் போய், கொப்பரைக்கு அருகில் நிற்கும் தொழிலாளிக்கு நாட்கூலி எவ்வளவு, பப்காவுக்குள் இருப்பது சந்தனமா பாரஃபினா என்று கேட்டெழுதுவதைக் களப்பணியாகக் கருதுவோர் குறைவு.

வெர்சாய் தன் மணங்களுக்குக் காப்பகம் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்து எரிச்சலடைவதைவிட, அப்படியொன்றைக் கேட்பது பயனுள்ளது. கன்னௌஜில் 1991 முதல் நடுவண் அரசின் நறுமண மேம்பாட்டு மையம் இயங்குகிறது. வாயு நிறப்பிரிகை செய்யும் கருவிகள் நாட்டின் எத்தனையோ வேதியியல் துறைகளில் உள்ளன. சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால், பீட்டா சாண்டலால் ஆகியவை எந்த அளவில் இருக்கவேண்டும் என்ற பன்னாட்டுத் தர அளவையும் உண்டு. கலப்படமில்லாத அடித்தளத்தில் வடித்த ரோஜா, தாழை, மண் அத்தர்களை ஆண்டுதோறும் சிறிதளவு வாங்கி, வடித்தவரின் பெயரோடும் சூத்திரத்தோடும் குளிரில் பாதுகாப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு கருத்தரங்கின் விருந்துச் செலவே போதும். வரலாற்றுத் துறையும் வேதியியல் துறையும் ஒரே கோப்பில் கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதுதான் உண்மையான தடை.

அதற்கும் முன்னதாகச் செய்யவேண்டிய சிறு வேலை ஒன்று இருக்கிறது. கன்னௌஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. அந்த முத்திரையோடு விற்கப்படும் ஒவ்வொரு புட்டியின் மேலும் அடித்தளம் எது என்று ஒரு சொல் அச்சிடப்படவேண்டும்: சந்தன எண்ணெய், அல்லது பாரஃபின், அல்லது தாலேட். பிராடாவிடம் கேட்ட கேள்வியைக் கடைத்தெருவில் கேட்பதுதான் இது. அந்தச் சொல் அச்சாகிய பிறகு, மிலானின் தேநீர்க் குப்பியையும் பாரிசின் நூறாண்டுக் குப்பியையும் அந்தப் புட்டிக்கு அருகில் வைத்து ஒப்பிடத் தொடங்கலாம்.